சுற்றுச்சுவர் சாய்ந்தால் யார் கட்டுவது? வாரிய வீடுகளில் தீராத தகராறு!

ஐப்பசி அடைமழை அடித்து ஓய்ந்ததும் சென்னையில் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் ஒரு சண்டை ஆரம்பமாகிவிடும். பிளாக்கின் பின்பக்கச் சுவர் சாய்ந்து கிடக்கும். மாடு உள்ளே நுழையும். ராத்திரியில் சைக்கிள் காணாமல் போகும்.

"வாடகை வாங்குறது வாரியம். அவங்கதானே கட்டணும்?" என்பார் கீழ் வீட்டுக்காரர்.

"அவங்க வர்றதுக்குள்ள அடுத்த மழையே வந்துடும், அண்ணே. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நாமளே கட்டிடலாம்" என்பார் மாடி வீட்டுக்காரர்.

"நான் எதுக்குப் போடணும்? நான் இருக்கிறது மூணாவது மாடி!" என்று இன்னொரு குரல் கேட்கும்.

இதில் யார் சொல்வது சரி?

பட்டியலில் இல்லாத சுவர்

தமிழ்நாட்டில் வாடகை வீடுகளுக்கான புதிய சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22-ந் தேதி அமலுக்கு வந்தது. எந்தப் பழுதை யார் பார்ப்பது என்று அதில் ஒரு பட்டியலே உண்டு. கட்டிடத்தின் அமைப்பில் ஏற்படும் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்டு, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை வீட்டுச் சொந்தக்காரர் தலையில். குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி, வாடகைக்கு விட்ட தோட்டத்தைப் பராமரிப்பது ஆகியவை குடித்தனக்காரர் தலையில். சுற்றுச்சுவர், வேலி என்ற பேச்சே பட்டியலில் இல்லை.

அதுமட்டுமல்ல. அரசுக்கும் வாரியங்களுக்கும் சொந்தமான வீடுகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது!

காகிதத்தைப் பாருங்கள்

அப்படியானால் வாரிய வீட்டில் இருப்பவர் எதைப் பார்ப்பது? பீரோவில் இருக்கும் காகிதத்தைத்தான்.

வீடு வாடகைக்கு என்றால், ஒதுக்கீட்டு ஆணையிலும் ஒப்பந்தத்திலும் உள்ள நிபந்தனைதான் பேசும். சுவர் வாரியத்தின் சொத்து. கேட்காமல் இடிக்கவோ, தள்ளிக் கட்டவோ குடியிருப்பவருக்கு உரிமை இல்லை.

தவணை கட்டி முடித்து கிரயப் பத்திரம் கைக்கு வந்துவிட்டதா? இனி வாரியத்தின் வாசலில் நிற்பதில் பயனில்லை. வீட்டுக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்துதான் செலவு செய்ய வேண்டும். சுவர் எல்லோருக்கும் பொது. மூணாவது மாடிக்காரரும் பங்கு கொடுக்க வேண்டியதுதான்!

1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-ல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறியது. அதே வருஷம் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டமும் வந்தது. அந்தக் குடியிருப்புகளில் பராமரிப்பு வேலைகளுக்குக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. அங்கே இருப்பவர்கள் முதலில் சங்கத்தில் கேட்பது நல்லது.

லண்டனிலும் இதே கதை

இங்கிலாந்தில் நகரசபைகள் வாடகைக்கு விடும் வீடுகளிலும் இதே ரகளைதான். அங்கே 1985-ம் வருஷச் சட்டப்படி வீட்டின் கட்டுமானம், வெளிப்புறம், சாக்கடைக் குழாய் எல்லாம் சொந்தக்காரர் பொறுப்பு. தோட்டத்து வேலியைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. அவர்களும் கடைசியில் ஒப்பந்தத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

வாய்ச்சொல் போதாது

1882-ம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. சொந்தக்காரர் செய்தே ஆகவேண்டிய பழுதை, அவருக்கு நோட்டீசு கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யவில்லை என்றால், குடியிருப்பவரே செய்துவிட்டு, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் வேறு மாதிரி சொன்னால் ஒப்பந்தம்தான் செல்லும்.

ஆகவே, "ஆபீசுக்குப் போய் சொல்லிட்டு வந்தேன் சார்" என்றால் போதாது. எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். சாய்ந்த சுவரை ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம்.

சுவர்தானே என்று அசட்டையாக விடவும் கூடாது. 2021 டிசம்பர் 27-ந் தேதி திருவொற்றியூரில் வாரிய அடுக்குமாடி ஒன்று சரிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டதும் குடியிருந்தவர்கள் வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை.

காசு யார் போடுவது என்ற பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சாய்ந்த சுவரின் ஓரம் பிள்ளைகள் விளையாடப் போகாமல் இன்றைக்கே ஒரு கயிறு கட்டிவிட வேண்டும். அதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை!