கல் போட்டு வளர்த்த தீவு

மான்டிநீக்ரோ நாட்டில் கோட்டோர் விரிகுடாவின் கரையில் பெராஸ்ட் என்றொரு சிற்றூர். கரையில் நின்றால் எதிரே இரண்டு குட்டித் தீவுகள் தெரியும். சைப்ரஸ் மரங்கள் அடர்ந்தது இயற்கையாக அமைந்தது. கத்தோலிக்க மாதா கோவில் இருக்கும் மற்றொன்று, ஊர்க்காரர்கள் உண்டாக்கியது.

1452 ஜூலை 22 அன்று, நீருக்கு மேல் தலைநீட்டிய ஒரு பாறையில் மாதாவின் படம் மீனவச் சகோதரர்கள் கண்ணில் பட்டதாம். கோவில் கட்ட ஆசைப்பட்டார்கள், பாறையிலோ இடமில்லை. பெராஸ்ட் மாலுமிகளின் ஊர். பழைய கப்பல்களில் கல்லை நிரப்பிப் பாறையைச் சுற்றி மூழ்கடித்தார்கள். கடலோடித் திரும்பியவர்கள் நேர்ச்சையாகக் கல் போட்டார்கள். இன்று அந்தத் தீவின் பரப்பு ஏறக்குறைய 3,000 சதுர மீட்டர், அதாவது முக்கால் ஏக்கர். கோவில் 1722இல் புதுப்பிக்கப்பட்டது.

திறந்த கடலாக இருந்தால் அலைகள் இந்தக் கற்குவியலை இறைத்திருக்கும். கோட்டோர் விரிகுடா ஒரு காலத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கிப்போனது. சுற்றிலும் மலை, உள்விரிகுடாவுக்கு வாசல் ஒரு குறுகிய நீர்ச்சந்து. வெளிக்கடலின் பேரலைகள் அதைத் தாண்டி இங்கே வருவதில்லை.

கோவிலுக்குள் ஒரு பூத்தையல் இருக்கிறது. கடலுக்குப் போன துணைவனுக்காகக் காத்திருந்த யாசிந்தா குனிச் என்ற பெண், தங்க, வெள்ளி இழைகளோடு தன் தலைமுடியையும் கோத்து 25 ஆண்டுகள் தைத்தது. முதலில் தைத்த முடி பொன்னிறம், பிந்தித் தைத்தது வெள்ளை என்கிறார்கள். முடிக்கு நிறம் தரும் மெலனின், தோலுக்கடியில் வேர்ப்பையிலேயே சேர்ந்துவிடுகிறது. வெளியே வந்த முடி உயிரற்றது; அது நரைப்பதில்லை. நிறமிச் செல்கள் ஓய்ந்த பிறகு முளைப்பதுதான் நரை. ஆகவே ஊசியில் ஏறிய ஒவ்வொரு இழையும் அந்தந்த வயதின் நிறத்தோடு துணியில் தங்கிவிட்டது.

ஆண்டுதோறும் ஜூலை 22 மாலை, பொழுது சாயும் நேரத்தில், ஒன்றோடொன்று கட்டிய படகுகள் வரிசையாகத் தீவை நோக்கிப் போகின்றன. ஃபஷினாடா என்று அதற்குப் பெயர். படகு நிறையக் கல். தீவை ஒட்டி நீரில் போடுகிறார்கள். அலை அரித்த இடம் மறுபடி நிரம்புகிறது.