பணிக்குத் திரும்பும் தாயும் பாலூட்டலும்

பணிக்கோ கல்லூரிக்கோ திரும்பும் நாள் நெருங்கும்போது, "இனிப் பால் வற்றிவிடுமே, இப்போதே புட்டிப்பாலுக்குப் பழக்கிவிடலாமா?" என்று தாய்மார் பலர் எங்களிடம் கேட்கின்றனர். அதற்குத் தேவையில்லை என்பதே எங்கள் விடை.

வேலைக்குச் செல்வதால் பால் வற்றுவதில்லை. சுரந்த பால் மார்பிலேயே தேங்குவதால்தான் சுரப்பு குறைகிறது. ஆகவே குழந்தையைப் பிரிந்திருக்கும் வேளையில், ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சி எடுப்பது நல்லது. இதற்குத் தாய்க்கு வேண்டியவை சிறிது நேரமும், தாழிட்டுக்கொள்ளத்தக்க தூய்மையான ஓர் இடமுமே. கழிப்பறை அதற்குரிய இடமன்று.

அந்த நேரம் எவரும் காட்டும் சலுகையன்று. நம் நாட்டின் மகப்பேறு நலச் சட்டம், 1961 முதலே, குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை வழக்கமான ஓய்வு வேளையுடன் நாள்தோறும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை அளித்துள்ளது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது; விடுப்பையும் 26 வாரங்களாக உயர்த்தியது. எனினும் பிரசவத்துக்கு முன்பே 8 வார விடுப்பை எடுத்த தாய்க்குப் பின்னர் 18 வாரங்களே எஞ்சும். தாய்ப்பால் மட்டுமே தர வேண்டிய ஆறு மாதம் அதற்குள் நிறைவதில்லை. இவ்விடைவெளியில்தான் இடைவேளை உரிமை பெரிதும் உதவுகிறது.

மாணவியருக்கு மகப்பேறு விடுப்பும் வருகைப்பதிவில் தளர்வும் அளிக்க விதிகள் வகுக்குமாறு, பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. கல்லூரி முதல்வரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் விண்ணப்பிப்பது நன்று.

திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கையால் பால் எடுத்துப் பழகுங்கள். கைகளை நன்கு கழுவி, கொதிநீரில் சுத்தம் செய்த மூடியுள்ள பாத்திரத்தில் சேகரியுங்கள். 25 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியின் உட்பகுதியில் 4 நாள்களும் பாலை வைக்கலாம். நம் ஊர்க் கோடையில் வெளியில் வைக்காமல், பனிக்கட்டிப் பைகள் இட்ட குளிர்காப்புப் பெட்டியில் எடுத்து வருவதே பாதுகாப்பு.

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெரியோருக்கு ஒரு சொல். வைத்த பாலின் மேல் ஆடைபோல் கொழுப்பு மிதந்தால் அது கெட்டுவிட்டதாகப் பொருளில்லை. மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். பாலை அடுப்பில் காய்ச்ச வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை வைத்தாலே போதும். புட்டியைத் தவிர்த்துப் பாலாடையால் புகட்டுங்கள். மாலையில் தாய் வீடு திரும்பியதும் வீட்டு வேலைகளை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டு, குழந்தையை அவர் மடியில் கொடுங்கள்.

மார்பு சிவந்து வலித்துக் காய்ச்சலும் கண்டால், பாலூட்டுவதை நிறுத்தாமல் உடனே எங்களிடம் வாருங்கள். பணிக்குத் திரும்பும் முன் ஒருமுறை வந்தால், பால் எடுக்கும் முறையைச் செவிலியர் அருகிருந்து கற்றுத்தருவர்.