ஒரு சாணுக்குள் ஒரு டாக்சி!

அசல் காரை அப்படியே சின்னதாகச் செய்யும் கலை

மும்பை வீதிகளில் ஓடிய கறுப்பு-மஞ்சள் "பத்மினி" டாக்சியை அறியாத தமிழர் இங்கே குறைவு. தாதரில் ரெயிலை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சுகளை அதன் தலைமேல் கட்டிக்கொண்டு, மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் செம்பூருக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். அந்த வண்டியை ஓட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் உண்டு.

அந்த இனத்தில் கடைசி டாக்சி மும்பையில் பதிவானது 2003-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி. டாக்சிக்கு இங்கே வயது வரம்பு 20 ஆண்டு. ஆகவே 2023 அக்டோபர் 30-ந் தேதியோடு பத்மினி டாக்சியின் காலம் முடிந்தது. வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

அப்பா 20 வருஷம் ஓட்டிய வண்டியை மகன் அவருக்குத் திரும்பக் கொடுக்க முடியுமா?

முடியும். 24-ல் ஒரு பங்கு அளவில்! அதே நிறம், அதே மீட்டர், அதே நம்பர் பிளேட்டோடு.

இதற்குப் பெயர்தான் "ஸ்கேல் மாடல்". பொம்மை வேறு, இது வேறு. பொம்மை, கார் மாதிரி இருந்தால் போதும். ஸ்கேல் மாடலில் ஒவ்வொரு பாகமும் அசல் வண்டியின் அளவை ஒரே கணக்கில் வகுத்து வந்ததாக இருக்க வேண்டும்.

கணக்கு எங்கிருந்து வந்தது?

24-ல் ஒன்று என்பது ஆங்கில அளவில் பிறந்த கணக்கு. ஓர் அடிக்கு அரை அங்குலம். பத்மினியின் நீளம் ஏறக்குறைய 3.9 மீட்டர். அதை 24-ஆல் வகுத்தால் 16 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு சாணுக்குள் அடங்கிவிடும்.

அமெரிக்கர்கள் 25-ல் ஒன்று என்ற அளவையும் பெரிதும் கையாளுகிறார்கள். 43-ல் ஒன்று என்றும் ஓர் அளவு உண்டு. அது ரெயிலில் இருந்து வந்தது! இங்கிலாந்தில் "ஓ கேஜ்" பொம்மை ரெயில்களை அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்தார்கள். அந்த ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வைக்க, ஹார்ன்பி கம்பெனி 1930-களில் சின்னச் சின்ன வண்டிகளை வார்த்தது. அவைதான் பின்னால் "டிங்கி" என்ற பெயரில் உலகம் சுற்றின. ரெயிலுக்குத் துணையாக வந்த கார், பிறகு தனி வழியில் போய்விட்டது.

தச்சுப் பட்டறையில் பிறந்த பிளாஸ்டிக் கார்

இந்தக் கலைக்குத் தலைநகர் என்று சொல்லத்தக்க ஊர், ஜப்பானில் உள்ள சிசுவோகா. கோவில் கட்டும் தச்சர்கள் பரம்பரையாக வாழ்ந்த ஊர் அது. மரவேலைக்குப் பேர் போனது. தமியா கம்பெனியும் 1946-ல் அங்கே மர அறுவை மில்லாகத்தான் தொடங்கியது. பிறகு மரத்தில் மாடல் செய்தது. 1960-ல் பிளாஸ்டிக்குக்கு மாறி, "யமாத்தோ" போர்க்கப்பலை முதல் மாடலாக வெளியிட்டது. 1967-ல் ஹோண்டா பந்தயக் காரை 12-ல் ஒரு பங்கு அளவில் செய்தது.

1970-களில் போர்ஷ் காரை மாடலாக்க முனைந்தபோது, அக்கம்பெனி செய்த காரியம் இன்றும் பேசப்படுகிறது. ஓர் அசல் போர்ஷ் காரை விலை கொடுத்து வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி அளவெடுத்தார்கள். ஒரு சின்ன மாடலுக்காக ஒரு முழுக் கார்!

அமெரிக்காவில் ஏ.எம்.டி. என்ற கம்பெனி 1958-ல் "மூன்றில் ஒன்று" என்ற கிட்டுகளை வெளியிட்டது. ஒரே பெட்டியில் மூன்று விதமாகச் செய்வதற்கான பாகங்கள் இருக்கும். கடையில் வந்தபடியும் செய்யலாம், அழகுபடுத்தியும் செய்யலாம், பந்தயக் காராகவும் செய்யலாம். "பெட்டியில் உள்ளபடிதான் செய்ய வேண்டும்" என்ற கட்டுப்பாடு அன்றோடு தளர்ந்தது.

பெட்டிக்கு வெளியே உள்ள கடை

கிட் பெட்டியைத் திறந்தால், நெல்மணிகள் கதிரில் இருப்பதுபோல் பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, உப்புத்தாள் தேய்த்து, பசை போட்டு, பெயிண்ட் அடித்தால் கார் தயார்.

ஆனால் கைதேர்ந்தவர்களுக்கு அது போதாது. பிளாஸ்டிக்கை ஓரளவுக்கு மேல் மெல்லியதாக வார்க்க முடியாது. கண்ணாடி துடைக்கும் வைப்பரை அளந்து பார்த்தால், அசல் வண்டியில் அது உலக்கை கனத்துக்கு வரும்! ஆகவே வெளியே தனியாக விற்கும் உதிரி பாகங்களைத் தேடுகிறார்கள்.

இவை பல வகை. மெல்லிய பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுத்த வைப்பர், கிரில், சீட் பெல்ட் கொக்கி ஆகியவை ஒரு வகை. லேத்தில் கடைந்த அலுமினியச் சக்கரம் இன்னொரு வகை. ரெசின் ஊற்றி வார்த்த என்ஜின், சீட், பானெட் மற்றொரு வகை. ஒரு ரகக் காரை வேறு ரகமாக மாற்றுவதற்கென்றே ரெசின் பாகங்களை ஒரு தொகுப்பாகவும் விற்கிறார்கள். இப்போது முப்பரிமாண அச்சு எந்திரம் வந்துவிட்டதால், கம்ப்யூட்டரில் வரைந்து வீட்டிலேயே பாகம் எடுக்கிறவர்களும் பெருகியிருக்கிறார்கள்.

எழுத்துதான் உயிர்

எத்தனை பாகம் பூட்டினாலும், காருக்கு முகவரி கொடுப்பது அதன் மேல் உள்ள எழுத்துதான்.

2005-ம் ஆண்டு ஃபார்முலா-1 பந்தயத்தில் கோவை வீரர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் கம்பெனியின் மஞ்சள் காரை ஓட்டினார். அந்தப் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர். அவர் காருக்கு எண் 19. அதே கம்பெனிக்காக ஓட்டிய போர்ச்சுகல் வீரர் மோன்டேரோவின் காருக்கு எண் 18. இரண்டும் ஒரே வார்ப்பு. எண்ணும் பெயரும் மாறினால் வீரரே மாறிவிடுகிறார்.

இந்த எழுத்துகளைக் கையால் எழுத முடியாது. "டெக்கால்" என்ற ஒட்டுப்படமாக ஒட்டுகிறார்கள். பசை தடவிய காகிதத்தின் மேல், சவ்வு போன்ற படலத்தில் எழுத்து அச்சாகியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் சில வினாடிகள் நனைத்தால் படலம் காகிதத்தை விட்டு நழுவும். அதைக் காரின் மேல் நகர்த்தி வைத்து, பஞ்சால் நீரை ஒற்றி எடுக்க வேண்டும். வளைவுகளில் படலம் படியாவிட்டால், அதை இளக்குவதற்கு மருந்து இருக்கிறது.

கம்பெனி கொடுக்கும் டெக்காலில் சில சமயம் எழுத்து குறைவதும் உண்டு. 1988-ல் 16 பந்தயங்களில் 15-ஐ வென்ற மெக்லாரன் காரில் பெரிதாக இருந்தது ஒரு சிகரெட் விளம்பரம். புகையிலை விளம்பரத்தைப் பல நாடுகள் பின்னாளில் தடை செய்தன. ஐரோப்பிய நாடுகளின் கூட்டுத் தடை 2005 ஜூலை 31-ந் தேதி அமலுக்கு வந்தது. அதனால் பழைய பந்தயக் கார்களின் கிட்டுகள் மறுபடி வெளிவரும்போது அந்த எழுத்துகள் இல்லாமலே வருகின்றன. சரித்திரப்படி செய்ய விரும்புகிறவர் வேறு கம்பெனிகள் அச்சிடும் டெக்காலைத் தேட வேண்டியிருக்கிறது. சட்டம் சரியா, சரித்திரம் சரியா என்ற வாதம் மாடல் செய்வோர் கூடும் இடங்களில் ஓய்வதில்லை.

அப்பாவின் நம்பர் பிளேட்

சரித்திரக் கார்களுக்குக் கடையில் டெக்கால் கிடைக்கும். ஆனால் அப்பா ஓட்டிய டாக்சியின் எண்ணை உலகத்தில் எந்தக் கம்பெனியும் அச்சிட்டு விற்காது. அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

இதற்கு முதல் ஆதாரம் பழைய போட்டோ. அடுத்தது ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகன விதிப்படி காரின் எண் பலகையில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் கனம் 10 மில்லிமீட்டர். 24-ஆல் வகுத்தால் எழுத்து 2.7 மில்லிமீட்டர், கோடு 0.4 மில்லிமீட்டர். கம்ப்யூட்டரில் வரைந்து, டெக்கால் காகிதத்தில் அச்சிட வேண்டும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. நிறமில்லாத படலத்தில் மஞ்சள் எழுத்தை அச்சிட்டுக் கறுப்புக் கதவில் ஒட்டினால், எழுத்து இருக்கும் இடமே தெரியாது. அடியில் உள்ள கறுப்பு அதை விழுங்கிவிடும். அதற்கு வெள்ளைப் படலக் காகிதத்தில் அச்சிட்டு, விளிம்பு ஒட்ட வெட்ட வேண்டும். நம்பர் பிளேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. டாக்சியின் பலகை மஞ்சள், எழுத்து கறுப்பு. பலகைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, அதன் மேல் கறுப்பு எழுத்தை ஒட்டினால் போதும்.

இங்க் பிரிண்டரில் எடுத்ததை அப்படியே தண்ணீரில் போட்டால் மை கரைந்து ஓடும். முதலில் கிளியர் வார்னிஷ் இரண்டு மூன்று கை மெல்லியதாக அடித்துக் காயவிட வேண்டும். டெக்கால் ஒட்டும் இடமும் பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெளுத்துக் காட்டும்.

செலவும் சிக்கனமும்

வெளிநாட்டுக் கிட் நம்மவர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகுமா? இதுதான் பெரிய கேள்வி. நம் சுங்கப் பட்டியலில் ஸ்கேல் மாடலும் பொம்மைகளோடு ஒரே தலைப்பில்தான் வருகிறது. பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்தில் இருந்து 60 சதவீதமாக உயர்ந்தது. 2023-ல் அது 70 சதவீதமானது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு அது ஆதரவு. மாடல் செய்கிறவர் கைக்கோ அது கடிவாளம்.

ஆனால் பணத்தால் மட்டும் வரும் கலை அல்ல இது. பின்னால் இழுத்து விட்டால் ஓடும் உள்நாட்டுப் பொம்மைக் காரைக் கழற்றி, பழைய பெயிண்டை நீக்கி, புதிதாக அடித்துப் பழகலாம். தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபில் சைலன்சர் குழாய் ஆகும். அறுந்த கிட்டார் கம்பி ஏரியல் ஆகும். மாத்திரை அட்டையின் கண்ணாடிப் பிளாஸ்டிக் ஹெட்லைட்டுக்கு உதவும். சமையலறை அலுமினியத் தாளைப் பசை தடவி ஒட்டினால் பம்பர் பளபளக்கும். பிளாஸ்டிக் தகட்டில் ஒரு சின்னத் துண்டு வெட்டினால் டாக்சி மீட்டர். பத்மினிக்குக் கியர், ஸ்டியரிங் தண்டில் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. தரையில் கியர் வைத்தால், வண்டி ஓட்டிய அப்பா முதல் பார்வையிலேயே சிரித்துவிடுவார்!

எச்சரிக்கை

ஒற்றை அறை வீட்டில் இதைச் செய்வோர் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரே பெயிண்டின் ஆவி தீப்பற்றக்கூடியது. அடுப்போ, சாமி விளக்கோ எரியும் அறையில் கூடவே கூடாது. மாடியிலோ வராந்தாவிலோ காற்றோட்டத்தில் அடிக்க வேண்டும். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும், மூக்கை மூடிக்கொள்வதும் நல்லது. "சூப்பர் குளூ" பசையைக் கண்ணாடிப் பாகத்தின் பக்கத்தில் வைத்தால், அதன் ஆவி பட்டுக் கண்ணாடி மங்கிவிடும்.

மும்பை மழைக்காலம் பெயிண்டுக்குப் பகை. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் லாக்கர் அடித்தால், பால் பூத்ததுபோல் வெளுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாகங்களை வெட்டுவது, தேய்ப்பது, பூட்டிப் பார்ப்பது ஆகிய வேலைகளை வைத்துக்கொண்டு, தீபாவளியை ஒட்டிப் பெயிண்ட் அடிப்பது புத்திசாலித்தனம்.

அவசரப்படுகிறவர்களுக்கு இந்தக் கலை வசப்படாது. ஒரு கை பெயிண்ட் காயும்வரை அடுத்த கை அடிக்கக் கூடாது. டெக்காலைக் கோணலாக ஒட்டிவிட்டால், நீர் காய்வதற்குள் நகர்த்திக்கொள்ளலாம். காய்ந்துவிட்டால் பிய்த்தெடுத்துப் புதிதாக அச்சிட வேண்டியதுதான். வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், ஒரு கார் முடிய மாதக்கணக்காகும்.

குர்லா தொழிற்சாலையில் 1964-ல் "ஃபியட் 1100 டிலைட்" என்ற பெயரில் தயாராகி, 1970-களில் "பத்மினி" ஆன வண்டி, இன்று உலகத்துப் பெரிய கிட் கம்பெனிகளின் பட்டியலில் தேடினாலும் எளிதில் அகப்படாது. போர்ஷ் காருக்கும் ஃபெராரி காருக்கும் ஆயிரம் பேர் மாடல் செய்வார்கள். தாராவித் தெருமுனையில் நின்ற டாக்சியை அளவு தவறாமல் செய்து வைக்க, அதன் முன்சீட்டில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான் முன்வர வேண்டும். வண்டிகள் உருகிவிட்டன. அவற்றைத் தொட்டு ஓட்டிய கைகள் இன்னும் இருக்கின்றன. கதவுக் கைப்பிடி எந்த உயரத்தில் இருந்தது, மீட்டர் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள இதுவே சமயம்.