கருங்கல் என்ற ஒரே சொல்லுக்குள்

வீட்டின் அத்திவாரக் கல்லையும் அம்மிக் கல்லையும் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டப்படும் பாறையையும் எம்மவர் ‘கருங்கல்’ என்ற ஒரே சொல்லால் அழைத்து வருகின்றனர். கேள்விப்பத்திரங்களில் அது ‘கிரனைட்’ ஆகிவிடுகிறது. ஆனால் வீரமுனை வயல்களின் வண்டலுக்கும் கல்முனைக் கரையின் மணலுக்கும் அடியில் கிடப்பது பெரும்பாலும் நைஸ் எனப்படும் உருமாறிய பாறையாகும். இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கும் இத்தகைய உருமாறிய பாறைகளே அடித்தளமாக உள்ளன.

தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை என்ற மூன்று வகைகளையும் பாடசாலையிலே படித்திருக்கிறோம். மூன்றாவது வகையே விளங்கிக்கொள்ளச் சற்றுக் கடினமானது. செங்கற் சூளையை எண்ணிப் பார்த்தால் ஓரளவு விளங்கும். சூளையில் களிமண் உருகி ஓடுவதில்லை. ஆயினும் வெளியே வருவது களிமண்ணும் அன்று. அவ்வாறே பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில் புதையுண்ட பாறை, பல நூறு பாகை வெப்பத்திலும் மேலுள்ள பாறைகளின் அழுத்தத்திலும், திண்ம நிலையிலேயே தன் கனிமங்களை மாற்றிக்கொள்கிறது. முற்றாக உருகிவிட்டால் அது மீண்டும் தீப்பாறையாகவே இறுகும்.

இப்பாறைகளை வகுப்போர் முதலில் பார்ப்பது கல்லில் படையமைப்பு உண்டா என்பதையே. ஒரு பக்கமாக அழுத்தம் கூடும்போது மைக்கா போன்ற தகட்டுக் கனிமங்கள் ஒரே திசையில் படிகின்றன. சேற்றுக்கல் முதலில் சிலேட்டாகவும், வெப்பம் ஏற ஏறச் சிஸ்டாகவும், ஈற்றில் கருமையும் வெண்மையும் மாறிமாறிப் பட்டையிட்ட நைஸாகவும் மாறுகிறது. சுண்ணக்கல்லில் இப்படைகள் தோன்றுவது அரிது; அது சலவைக்கல்லாகிறது. திகன, மாத்தளைப் பகுதிகளில் அதனைக் காணலாம். மணற்கல் குவாட்சைற்றாக இறுகுகிறது. வகுப்பின் மற்றைய கேள்வி, மாறுவதற்கு முன் அக்கல் எதுவாக இருந்தது என்பதாகும்.

எமது கிழக்குக் கரை ‘விஜயன் தொகுதி’ என்ற பிரிவைச் சேர்ந்தது. சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரனைட் வகைப் பாறைகளாக உருவானவையே இங்கு பெரும்பாலானவை. ஏறக்குறைய 60 கோடி முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றிணைந்த காலத்தில், அவை உருமாறின. ஆகவே ‘கிரனைட்’ என்பவர் முற்றிலும் தவறுரைக்கவில்லை; அக்கல்லின் பழைய பெயரைச் சொல்கிறார். அக்காலத்திலேயே மலைநாட்டுத் தொகுதி விஜயன் தொகுதியின் மேல் தள்ளப்பட்டது. மகாஓயா வெந்நீரூற்றுகள் அந்த எல்லையை ஒட்டியே அமைந்துள்ளன. அங்கே எரிமலை எதுவும் இல்லை. வெடிப்புகளின் வழியே ஆழம் சென்று சூடேறிய மழைநீரே திரும்பி வருகிறது.

மலைநாட்டில் மிகுந்து காணப்படும் ‘சாணோக்கைற்’ கல்லின் பெயரில் தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்றுண்டு. கல்கத்தாவில் ஜோப் சாணொக் என்பவரின் கல்லறைக்கு வைக்கப்பட்ட கல்லை ஆராய்ந்த தோமஸ் ஹொலண்ட், 1893 இல் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். அதே கல் சென்னைப் பரங்கிமலையிலும் உண்டு. இலங்கைப் பாறைகளை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் அளவைத் துறைக்குத் தலைமை தாங்கியவர். கலை பயின்ற எம்போன்றோர் அவரைக் கலைவரலாற்றாசிரியராக மட்டுமே அறிந்திருப்பது ஒரு குறையே.

இவையெல்லாம் எமது கிணற்றையும் தொடுகின்றன. உருமாறிய பாறையின் மணிகள் இறுகப் பிணைந்தவை. அவற்றிடையே நீர் தங்க இடமில்லை. மேலே சிதைவுற்ற மெல்லிய படையிலும் உள்ளே ஓடும் வெடிப்புகளிலுமே நீர் நிற்கும். வெடிப்பை அறியாது எத்தனை அடி துளைத்தாலும் குழாய்க்கிணறு வறண்டே கிடக்கலாம். பத்து யார் தள்ளித் துளைத்தவருக்கு நீர் கிடைத்தும் விடலாம். கரையோர ஊர்களுக்கு மணலில் தேங்கும் மழைநீரே பெருந்துணை. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அந்த நன்னீர் உவர்த்தபோது, கீழேயுள்ள பாறையில் அதற்கு ஈடான சேமிப்பு இருக்கவில்லை.

கல்லுடைப்பிலும் இதே கவனம் வேண்டும். சமவெளியில் தனித்து நிற்கும் குன்றுகள், சுற்றியிருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்தபின் எஞ்சியவை, உடைத்தால் மீளா. கல்லகழ்விற்கு 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டும். 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தை அண்டிய கரைகள் அரிக்கப்பட்டு, தடுப்புக் கற்கள் தேவைப்பட்டதை ஒலுவில், நிந்தவூர் மக்கள் அறிவர். மைக்கா மிகுந்த, பட்டை பட்டையாகப் பிளக்கும் நைஸ் அலைக்கு முன் நெடுநாள் நிற்காது. அதனைக் கொங்கிரீட்டில் இட்டாலும் வலு குறையும். பட்டை குறைந்து திரண்டிருக்கும் கல் நிற்கும். இரண்டும் அருகருகே, சில வேளை ஒரே குன்றிலேயே கிடைக்கக்கூடும். ஆகவே கேள்விப்பத்திரத்தில் கல்லின் எடையையும் அளவையும் மட்டும் எழுதாமல், அதன் படையமைப்பையும் மைக்காவின் அளவையும் சோதித்த அறிக்கையையும் கோருவது உள்ளூராட்சி மன்றங்களுக்கு இயலாத காரியம் அன்று.