39 முறை சரிவந்த கணக்கு

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் கொடுக்கும் கணக்கு இது. ஏதாவது ஒரு எண்ணை அதற்கடுத்த எண்ணால் பெருக்கு, 41ஐக் கூட்டு. ஒன்றில் தொடங்கினால் 43 வரும். அடுத்து 47, 53, 61, 71, 83. எல்லாம் பகா எண்கள். பத்து வரை போட்டுப் பார்த்ததும், "எப்பவுமே பகா எண்தான் சார்" என்று வகுப்பே சத்தம் போடும். நான் மறுப்பதில்லை. மேலே போகச் சொல்வேன். 39 வரைக்கும் அவர்கள் சொன்னதுதான் சரி.

நாற்பதில் கவிழும். 40ஐ 41ஆல் பெருக்கி இன்னொரு 41ஐச் சேர்த்தால் 41 × 41தானே? 1681. கால்குலேட்டரே வேண்டாம்.

பிள்ளைகள் மட்டுமா! பதினேழாம் நூற்றாண்டுப் பெரும் கணித மேதை ஃபெர்மா 3, 5, 17, 257, 65537 என்று ஒரே விதியில் வரும் ஐந்து பகா எண்களைப் பார்த்து, அந்த வரிசை முழுவதும் பகா எண்கள்தான் என்று நம்பினார். அடுத்த எண் 4294967297. அதை 641 மீதியில்லாமல் வகுக்கும் என்று 1732இல் ஆய்லர் காட்டினார்.

அப்படியானால் எத்தனை உதாரணம் பார்த்தால் ஒன்றைப் பொதுவிதி என்று சொல்லலாம்? கேள்வியே கோணல் என்பது என் கட்சி. புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் அடுக்கிப் பாருங்கள். ஒன்றை வைத்து, அதன் வலப்பக்கமும் கீழும் மூலையிலுமாக மூன்று சேர்த்தால் இரண்டுக்கு இரண்டு சதுரம். அதை வளைத்து ஐந்து வைத்தால் மூன்றுக்கு மூன்று. அடுத்த வளைவுக்கு ஏழு. ஒவ்வொரு வளைவும் முந்தையதைவிடப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொட்டை கூடுதலாகக் கேட்கிறது. ஒற்றைப்படை எண்களை 1 முதல் வரிசையாகக் கூட்டினால் ஏன் 4, 9, 16 என்று வர்க்க எண்களே வருகின்றன என்பது கண்முன்னால் கிடக்கிறது. மூன்று வளைவு அடுக்கியவனுக்கு நூறாவதைப் பற்றிச் சந்தேகம் வராது. அங்கே 39 உதாரணம் போதவில்லை, இங்கே மூன்றே போதும். காரணம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு சோறு பதம் பார்ப்பதும் இப்படித்தான். ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. அதனால் ஒன்று வெந்தால் மற்றதும் வெந்திருக்கும். பழைய அரிசியில் புது அரிசியைக் கலந்துவிட்டு ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் என்ன தெரியும்? "எங்க சித்தப்பாவுக்கு இந்தக் கஷாயம்தான் கேட்டது" என்பவர்களிடம் நான் இதைத்தான் கேட்பேன். சித்தப்பாவும் நானும் ஒரே அரிசியா?

கோல்ட்பாக் 1742இல் ஆய்லருக்கு எழுதிய ஓர் ஊகமும் உண்டு. 2ஐவிடப் பெரிய இரட்டைப்படை எண் எதையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்பது அதன் இன்றைய வடிவம். கணினியில் 4க்குப் பின் 18 சுழி போட்ட எண் வரைக்கும் பார்த்தாயிற்று, ஒன்றுகூடத் தப்பவில்லை. "அப்புறம் என்ன சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கணித நூல்களில் அது இன்னும் தேற்றம் ஆகவில்லை, ஊகமாகத்தான் இருக்கிறது.