முத்துக்குளிப்பில் பல அரசுகளின் பங்கு

தாமிரபரணிக் கரையில் நம்மாழ்வார் அவதரித்த தலமான ஆழ்வார்திருநகரி, பாண்டியர், மதுரை நாயக்கர், ஆர்க்காட்டு நவாபு என ஆட்சிகள் பலவற்றைக் கண்டிருந்தாலும், அவற்றுள் எதற்கும் இன்றைய பொருளில் திட்டமான எல்லைக்கோடு இருந்ததில்லை. ஒரே மண்ணிலும் ஒரே கடலிலும் பலர் உரிமை கொண்டாடினர். அருகிலுள்ள தூத்துக்குடியில் 1658இல் போர்த்துக்கேயரை அகற்றிய டச்சுக்காரர் முத்துக்குளிப்பை நடத்தியபோதும், மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் 'கல்' உரிமை, அதாவது எடைக்கல்லைப் பற்றி மூழ்குவோர் சிலர் அள்ளும் சிப்பியை வரியின்றிப் பெறும் உரிமை, இருந்து வந்தது.

இவ்வாறு சிதறிக் கிடந்த அதிகாரத்தைப் படிப்படியாக ஒரே கருவூலத்தில் குவித்தது கிழக்கிந்தியக் கம்பெனியே: 1792 உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரத்தையும், அவர்களுள் ஒருவரான கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட இரண்டாண்டில், 1801 உடன்படிக்கையால், கர்நாடகம் எனப்பட்ட ஆர்க்காட்டு ஆட்சிப்பகுதியின் நிர்வாகத்தையும் அது நவாபிடமிருந்து பெற்றது.

எனினும் கம்பெனி உருவாக்கியது நிர்வாகமே அன்றித் தேசமன்று. குடிமக்கள் தமதென ஏற்கும் ஆட்சியாகிய தேசிய அரசு, 1948 மார்ச் 3இல் இணைந்த புதுக்கோட்டை உள்ளிட்ட சமஸ்தானங்களையும் சேர்த்துக்கொண்டு, வயதுவந்தோர் அனைவரும் வாக்களிக்கும் உரிமை பெற்ற 1951–52 பொதுத்தேர்தலில்தான் வடிவம் பெற்றது.