மரக்காணம் உப்பு, திண்டிவனம் மல்லாட்டை... எழுபது வயது மூளைக்கு என்ன சம்பந்தம்?

சொன்னதையே நாலு தடவை சொல்லும் மாமியார், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கும் தாத்தா... ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம். மறதிநோய் எனப்படும் டிமென்ஷியா முதுமையில் திடீரென்று வந்து உட்காருகிற நோய் என்பது நம் நினைப்பு. ஆனால், அதற்கான காரணங்களில் சில அம்மாவின் வயிற்றிலும் தொட்டிலிலுமே தொடங்கிவிடுகின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

அப்படி ஒரு ஆய்வு நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. ‘10/66’ என்பது அதன் பெயர். உலகின் மறதிநோயாளிகளில் 66 சதவிகிதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 சதவிகிதம்கூட அந்த நாடுகளில் நடக்கவில்லை என்ற ஆதங்கத்தில் வைத்த பெயர். இந்தியாவில் அதற்குத் தேர்வானவை சென்னையும் வேலூர் பக்கத்துக் கிராமங்களும். 65 வயதைக் கடந்தவர்களின் ஞாபகசக்தியைச் சோதித்தவர்கள், கூடவே டேப்பை எடுத்துத் தலைச் சுற்றளவையும் கால் நீளத்தையும் அளந்தார்கள். மூளை தன் முழு அளவில் சுமார் 80 சதவிகிதத்தை இரண்டு வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறது. கால் நீளமோ சிறுவயதில் கிடைத்த சாப்பாட்டைப் பொறுத்தது. அதாவது, எழுபது வயதுக்காரர் குழந்தையில் எப்படிச் சாப்பிட்டார் என்பதற்கு அவர் உடம்பே சாட்சி. எல்லா நாடுகளின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது, தலை பெரிதாகவும் கால் நீளமாகவும் இருந்தவர்களிடம் மறதிநோய் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. குட்டையானவர்கள் பயப்பட வேண்டாம். வித்தியாசம் சிறியதுதான், படிப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரைநோய் எல்லாமே இதில் சேரும்.

பஞ்ச காலங்கள் இன்னும் கடுமையாகப் பேசுகின்றன. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவானவர்களுக்கு, வளர்ந்த பிறகு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்கானது. சீனாவின் 1959-61 பஞ்சத்திலும் அதே கதை.

நம் ஊரில் இன்று பஞ்சம் இல்லை. ஆனால், வயிறு நிறைவதும் மூளைக்கு வேண்டியது கிடைப்பதும் ஒன்றல்ல. முதலில் உப்பை எடுத்துக்கொள்வோம். மரக்காணம் உப்பளங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். ‘கடல் உப்புதானே, அயோடின் தானாகவே இருக்கும்’ என்று நினைக்கிறவர்கள் நிறைய. இல்லை. பாத்தியில் காய்ந்து வரும் உப்பில் மிஞ்சுவது மிகச் சொற்பம். தொழிற்சாலையில் கலந்தால்தான் உண்டு. வயிற்றில் இருக்கும் சிசுவின் மூளை வளர, அம்மாவின் தைராய்டு சுரப்பு வேண்டும். அது சுரக்க அயோடின் வேண்டும். அங்கே குறைந்தால் குழந்தையின் அறிவுத்திறன் குறையும். வயதான காலத்தில் செலவழிக்க வேண்டிய கையிருப்பே குறைவாகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வருத்தமான செய்தி, 2018-19ல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு. 61.9 சதவிகிதம்தான். உப்பு விளைவிக்கிற மாநிலத்துக்கு இந்த நிலை! கல் உப்பின் மேல் நமக்கு இருக்கும் பாசம் ஒரு காரணமாக இருக்கலாம். கல் உப்புதான் வேண்டுமென்றால், அயோடின் கலந்த கல் உப்பே கிடைக்கிறது. பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். அதற்காக உப்பைக் கூட்டிவிட வேண்டாம். ரத்த அழுத்தம் ஏறினால் அதுவும் மூளைக்குத்தான் கேடு.

அடுத்தது மல்லாட்டை. ‘டிஎம்வி’ என்று தொடங்கும் வேர்க்கடலை ரகங்கள் எல்லாமே திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. அந்த மூன்று எழுத்தே திண்டிவனத்தைத்தான் குறிக்கிறது. புரதமும் ஃபோலேட்டும் நிறைந்த இந்தக் கடலையை விற்றுவிட்டு பிஸ்கட் வாங்கித் தருகிறோம். ஒரே எச்சரிக்கை: பூஞ்சை பிடித்தது, கறுத்தது, கசப்பது எதையும் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. சின்னக் குழந்தைக்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கும்; அரைத்துத்தான் தர வேண்டும்.

ஃபோலேட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருவான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்து டாக்டரைப் பார்ப்பதற்குள் அந்தக் காலம் முடிந்தே போயிருக்கும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். கடலையும் கீரையும் மாத்திரைக்குத் துணைதான், மாற்று அல்ல.

பிறந்த பிறகு? சர்க்கரையைத் தள்ளி வையுங்கள். பிரிட்டனில் போர்க்காலச் சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில்தான் முடிந்தது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் அந்த ரேஷனுக்குள் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரைநோய் சுமார் 35 சதவிகிதமும், ரத்த அழுத்தம் சுமார் 20 சதவிகிதமும் குறைவு என்று 2024ல் வெளியான ஆய்வு சொன்னது. இந்த இரண்டுமே மறதிநோய்க்கு வழிவிடுபவை. நாமோ பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதில் ஆரம்பிக்கிறோம்!

‘மூளை வளர்ச்சிக்கு’ என்று டப்பாவில் விற்கும் விலை உயர்ந்த மாவுகளுக்கு ஆசைப்படும் முன், அங்கன்வாடி சத்துமாவைத் தவறாமல் வாங்குகிறோமா என்று யோசிக்கலாம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அதில் வரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் பேரீச்சையும் நெய்யும் வீட்டில் எல்லோருக்குமாகப் பங்கு போடப்படுவது பல வீடுகளில் நடக்கிற கதை. மாமனார், மாமியார், கணவர் எல்லோரும் தயவுசெய்து அந்தப் பெட்டகத்திலிருந்து கையை எடுங்கள். அது வயிற்றில் இருக்கும் பேரப்பிள்ளையின் பங்கு.